வேலூர் புரட்சி பாடத்துல நான் சொன்ன ஒரு வார்த்தை, ஒரு பையன் தலைய தொங்கப் போட்டுட்டான்

வணக்கம். வேலூர் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல பத்தாவதுக்கு சோஷியல் எடுக்கறேன். போன வாரம் 1806 ஜூலை 10 பாடம், அதான் வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க இங்கிலீஷ் கம்பெனிய எதிர்த்து எழுந்த கதை. கோட்டைய பசங்க தினம் பாக்குறதால எனக்கு ரொம்ப பிடிச்ச பாடம் இது. 1805ல சிப்பாய்ங்களுக்கு வந்த புது டிரஸ் ரூல், நெத்தியில குறி இருக்கக்கூடாது, தாடி எடுக்கணும், தலைப்பாகையில தோல் சின்னம் குத்தணும்னு சொல்லிட்டே வந்தேன். தோலுக்கு ஏன் டீச்சர் அவ்ளோ கோவம்னு ஒரு பொண்ணு கேட்டா, நானும் யோசிக்காம "தோல்னா தீட்டாச்சே, தலையில வெச்சா சும்மா இருப்பாங்களா"ன்னுட்டேன். கடைசி பெஞ்ச்ல ஒரு பையன் அப்படியே குனிஞ்சுட்டான். அவங்க அப்பாவுக்கு தோல் பதப்படுத்துற டேனரியில சுண்ணாம்பு தொட்டி வேலை. அன்னைலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. எப்படி சரி பண்றது?

ரிடையர்டு வாத்தியார், ராணிப்பேட்டை
டீச்சரம்மா, நானும் இத வருஷக்கணக்கா இப்படியேதான் சொல்லிருக்கேன், இப்ப படிக்கும்போதுதான் உறைக்குது. தீட்டுங்கறது தோல்ல இல்ல, பாக்குறவங்க மனசுல இருக்கு. "அந்தக் காலத்து சிப்பாய்ங்க பல பேர் அப்படி நெனச்சாங்க"ன்னு சொல்லிட்டு, அப்படி நெனைக்க அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு பசங்களையே கேளுங்க. இன்னொண்ணு, அந்த ஒரே வார்த்தையில வரலாறே சுருங்கிடுது. இந்துவுக்கு மாட்டுத் தோலா இருக்குமோன்னு பயம், முஸ்லிமுக்கு பன்னித் தோலா இருக்குமோன்னு பயம். புதுத் தலைப்பாகை வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருக்கே, கிறிஸ்தவனா மாத்தப் பாக்குறாங்களோன்னு ரெண்டு பேருக்கும் சந்தேகம். சம்பளம் கம்மி, கோட்டைக்குள்ளயே திப்பு குடும்பம் காவல்ல. மெட்ராஸ் ஆர்மியில பறையர் சமூகத்து ஆளுங்களும் நிறைய இருந்தாங்க, அவங்க எல்லாரும் தோல பாத்து ஒரே மாதிரி முகம் சுளிச்சிருப்பாங்களா? இத கேட்டாலே கிளாஸ் வேற மாதிரி போவும்.

ஆம்பூர் டீச்சர்
அந்தப் பையனோட அப்பாவையே ஒரு நாள் கிளாஸுக்கு கூப்பிடலாமே மேடம், தோல் எப்படி பதப்படுத்துறாங்கன்னு அவரே சொல்லட்டும், எல்லாரும் கை தட்டினா பையனுக்கும் பெருமையா இருக்கும்.

பேர்ணாம்பட்டு பையன்
மேடம் தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. நானும் டேனரி வீட்டுப் பையன்தான். எட்டாவதுல ஒரு சார் என்னைய எழுந்து நிக்க வெச்சு "இவங்கப்பா இல்லைன்னா நமக்கு செருப்பு இல்ல, கை தட்டுங்க"ன்னாரு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு, ஆனா அதுவரைக்கும் தெரியாதவனுக்கெல்லாம் அன்னைக்கு தெரிஞ்சு போச்சு, ரெண்டு நாள் ஸ்கூலுக்கே போவல. அவன பாக்காதீங்க, பேர் சொல்லாதீங்க. சொன்னது நீங்க, அதனால எல்லார் முன்னாடியும் "நான் சொன்னது தப்பு"ன்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம் தோல ஒரு ஆளோட கதையா இல்லாம நம்ம ஜில்லா வரலாறா எடுங்க. ஆவாரம்பட்டை போட்டு பதப்படுத்தின தோலு இங்கேர்ந்து லண்டன் வரைக்கும் போச்சு, அதுவும் வரலாறுதானே. பாலாறு கெட்டதையும் மறைக்காதீங்க, 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. ஆத்துல கழிவு விட்டது ஓனருங்க, தொட்டியில எறங்கி கை வெந்தது எங்கப்பா, இந்த ரெண்டையும் பிரிச்சு சொல்லுங்க, அது போதும்.

கேள்வி கேட்டவங்க
தம்பி, நீங்க எழுதினத நாலஞ்சு தடவ படிச்சேன். திங்கட்கிழமை போனதுமே போர்டுல "தீட்டு"ன்னு எழுதி, போன வாரம் இத நான் என் சொந்த வார்த்தையா சொன்னேன், அது தப்புன்னு சொல்லிட்டு அழிச்சேன். கிளாஸே கப்சிப். அப்புறம் வாத்தியார் அய்யா சொன்ன மாதிரி ஆர்டர் போட்ட அதிகாரி, இந்து சிப்பாய், முஸ்லிம் சிப்பாய், அந்த சின்னத்த செஞ்ச தொழிலாளின்னு நாலு குரூப் பிரிச்சு, அவங்கவங்க பார்வையில பத்து வரி எழுத சொன்னேன். யாரு எதுல இருக்கணும்னு சீட்டு குலுக்கிப் போட்டுதான் எடுத்தோம். அந்தப் பையனுக்கு அதிகாரி வந்துச்சு, ஒரு பக்கம் ஃபுல்லா எழுதிட்டான். தொழிலாளி குரூப்ல இருந்த பொண்ணு ஒருத்தி "நான் செஞ்சத வெச்சு சண்டை போடறீங்க, எனக்கு கூலி எவ்ளோன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா"ன்னு எழுதியிருந்தா. அடுத்த வாரம் கோட்டைக்கு கூட்டிட்டுப் போறேன், அந்தப் பத்து வரிய அங்க படிக்க வெக்கலாம்னு இருக்கேன்.