உப்பிப்போன ஃபார்மிக் ஆசிட் கேன்: அவசர உதவி தேவை

வணக்கம். மலேசியாவில் பஹாவ் பக்கம் எங்கள் சின்ன ரப்பர் தோட்டத்தில் பால் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட்தான். கந்தக அமிலம் மலிவு, ஆனால் ரப்பரின் தரம் கெட்டுவிடும் என்று மாமா தொடவே மாட்டார்.

இப்போது ஸ்டோரில் ஒரு பழைய கேன் பக்கவாட்டில் உப்பி, மூடி இறுகிக் கிடக்கிறது. அடர் ஃபார்மிக் அமிலம் நாள்பட மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவை விடும், அந்த வாயுவுக்கு மணமே இருக்காது. கதவு, சன்னல் எல்லாம் திறந்து வைத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. கேனை யாரும் தொடவும் இல்லை.

இதை முறையாக எடுத்துப்போகும் உரிமம் உள்ளவர்களை நெகிரி செம்பிலானில் யாருக்காவது தெரியுமா? அப்புறம், வாயு வெளியேறும் மூடியுள்ள சின்ன கேன் எங்கே கிடைக்கும்? ஆசிட் கலக்கும் அக்காவுக்கு முழங்கை வரை வரும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மேலே பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள்.