கிறிஸ்தவ அரச பாடசாலையை எப்படி மதிப்பிடுவது? சிக்ஸ்த் ஃபார்ம்வரை யோசித்துச் சொல்லுங்கள்

கேள்வி: தென்லண்டனிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மூத்த மகள் இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். வருகின்ற ஒக்டோபர் 31ஆம் திகதிக்குள் இடைநிலைப் பாடசாலைக்கான விண்ணப்பத்தைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த அரச பாடசாலையொன்று இருக்கிறது. கட்டணம் கிடையாது. 11 வயதில் சேர்ந்தால், 16 வயதுக்குப் பின் ஏ-லெவல் படிக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் பிரிவையும் முடித்து 18 வயதில் அங்கிருந்தே பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்.

நாங்கள் சைவக் குடும்பம். நான் யாழ்ப்பாணத்தில் மிஷன் வழிவந்த பாடசாலையொன்றில்தான் படித்தேன். காலையில் செபம் சொல்லிவிட்டு மாலையில் அம்மாவுடன் கோயிலுக்குப் போனபோது எனக்கு எந்த முரண்பாடும் தோன்றியதில்லை. ஆகவே கிறிஸ்தவச் சூழலை நினைத்து நான் அஞ்சவில்லை. ஆனால் இந்தப் பாடசாலையைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாடசாலைகளை ஆய்வு செய்யும் அரச அமைப்பான ஓஃப்ஸ்டெட் அதற்கு மிக உயர்ந்த தரம் கொடுத்ததாக ஒருவர் சொல்கிறார். அந்த அறிக்கை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சிக்ஸ்த் ஃபார்ம் பலவீனமானது, 16 வயதில் எப்படியும் மாற்ற வேண்டிவரும் என்கிறார் இன்னொருவர். தேவாலயத்துக்குப் போகாதவர்களுக்கு இடமே கிடைக்காது என்று மூன்றாமவர் அடித்துச் சொல்கிறார். இவற்றில் எதை நம்புவது, எதை நானே போய்ப் பார்ப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பாடசாலை நிர்வாகக் குழுவில் பெற்றோர் கவர்னராக இருந்தவர்

சகோதரிக்கு வணக்கம். மூன்றாவது கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இடம் கிடைக்குமா என்பது தெரியாமல் மற்றவற்றை ஆராய்ந்து பயனில்லை.

இங்கே கிறிஸ்தவ அரச பாடசாலை என்று பொதுவாகச் சொன்னாலும் அவற்றில் வகைகள் உண்டு. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வகுத்த பிரிவினையின்படி, ‘வொலண்டரி எய்டட்’ பாடசாலைகளில் நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையைத் திருச்சபை நியமிக்கிறது, சேர்க்கை விதிகளையும் அந்தக் குழுவே எழுதுகிறது. ‘வொலண்டரி கண்ட்ரோல்ட்’ பாடசாலைகளில் சேர்க்கை கவுன்சிலின் கையில் இருக்கும். இப்போது பல பாடசாலைகள் அகாடமிகளாக, அதாவது கவுன்சிலைச் சாராமல் அரசிடமிருந்து நேரடியாகப் பணம் பெறும் பாடசாலைகளாக, மாறிவிட்டன. அவற்றின் அறக்கட்டளையே விதிகளை வகுக்கிறது. ஆகவே ஒரு தேவாலயப் பாடசாலையின் விதி அடுத்த தேவாலயப் பாடசாலைக்குப் பொருந்தாது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய சேர்க்கைக் கொள்கையைப் பாடசாலையின் இணையத்தளத்திலிருந்து எடுத்து, ஒரு பேனாவுடன் அமர்ந்து வரிக்கு வரி படியுங்கள். கவுன்சிலின் பராமரிப்பில் இப்போது உள்ள அல்லது முன்பு இருந்த பிள்ளைகளுக்கு எங்கும் முன்னுரிமை உண்டு. அதன்பின் சில பாடசாலைகள் தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு பகுதி இடங்களையும், மற்றவர்களுக்குத் தூரத்தின் அடிப்படையில் இன்னொரு பகுதியையும் ஒதுக்குகின்றன. இங்கிலாந்துத் திருச்சபையின் பாடசாலைகள் பலவற்றில் இந்தப் ‘பொது இடங்கள்’ கணிசமாக உண்டு; கத்தோலிக்கப் பாடசாலைகளில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளே பெரும்பாலும் முதலில் வருவார்கள். இடங்கள் நிரம்பாவிட்டால் மதத்தைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் மறுக்க முடியாது என்பதும் சட்டம். எனவே ‘இடமே கிடைக்காது’ என்று யார் சொன்னாலும், கடந்த ஆண்டு பொதுப் பிரிவில் கடைசியாக இடம்பெற்ற பிள்ளையின் வீடு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பாடசாலையிடமோ கவுன்சிலிடமோ கேளுங்கள். அந்த ஒற்றை எண் பல வதந்திகளுக்கு விடை சொல்லிவிடும்.

கவுன்சிலின் பொது விண்ணப்பத்தோடு பாடசாலையின் துணைப் படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டியிருக்கலாம். லண்டனில் ஆறு பாடசாலைகள்வரை வரிசைப்படுத்தலாம். நீங்கள் எழுதும் வரிசை பாடசாலைக்குத் தெரியாது. ஆகவே உண்மையிலேயே விரும்பும் பாடசாலையை முதலில் எழுதுங்கள். தந்திரமாக யோசித்து நல்ல இடத்தை இழந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன், அது மனதை உறுத்தும்.

அடுத்து ஆய்வறிக்கைகள். தேவாலயப் பாடசாலைக்கு இரண்டு ஆய்வுகள் உண்டு என்பதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். ஓஃப்ஸ்டெட் கற்பித்தலையும் ஒழுங்கையும் பாதுகாப்பையும் பார்க்கிறது. வழிபாட்டையும் மத வாழ்வையும் திருச்சபையே தனியாக ஆய்வு செய்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையில் அதற்குச் சியாம்ஸ் என்று பெயர், கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு வேறு ஆய்வு. உங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சியாம்ஸ் அறிக்கை மிக முக்கியம் என்று நினைக்கிறேன். பிற மதப் பிள்ளைகள் அங்கே எப்படி நடத்தப்படுகிறார்கள், மதபாட வகுப்பில் இந்து சமயமும் இஸ்லாமும் மரியாதையோடு கற்பிக்கப்படுகின்றனவா என்பதற்கான தடயங்கள் அதில்தான் கிடைக்கும்.

ஓஃப்ஸ்டெட்டைப் பொறுத்தவரை, ஒரே சொல்லில் தரம் சொல்லும் முறை அரச பாடசாலைகளுக்கு 2024 செப்டெம்பருடன் நிறுத்தப்பட்டுவிட்டது. 2025 நவம்பரிலிருந்து தனித்தனித் துறைகளுக்கு ஐந்து படிகளில் மதிப்பிடும் அறிக்கை அட்டை வந்திருக்கிறது; அதில் சிக்ஸ்த் ஃபார்முக்கும் தனி இடம் உண்டு. பழைய அறிக்கையானால் முதலில் திகதியைப் பாருங்கள், பிறகு அதிபரின் பெயரைப் பாருங்கள். அறிக்கை வந்தபின் அதிபர் மாறியிருந்தால் அது வேறொரு பாடசாலையின் அறிக்கை என்றே கருதலாம்.

பெறுபேறுகளை ஒப்பிடும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் எங்கிருந்து தொடங்கி எவ்வளவு முன்னேறினார்கள் என்று காட்டும் புரோகிரஸ் 8 என்ற அளவீடு 2025, 2026 ஆகிய ஆண்டுகளில் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வுகளுக்குக் கிடையாது. அந்தப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் இருந்தபோது, ஆரம்பப் பாடசாலை முடிவில் எழுதும் சாட்ஸ் தேர்வுகள் கொரோனாவால் 2020லும் 2021லும் நடக்கவில்லை; முன்னேற்றத்தை அளக்கத் தொடக்கப் புள்ளி அதுதான். ஆகவே 2024 வரையான புள்ளிகளைப் பாருங்கள். அதற்குப் பிந்தைய வெறும் மதிப்பெண்களை, பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் பின்னணியையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

மறுமொழி 2: ஏ-லெவல் கணித ஆசிரியர்

மேலே எழுதியவருடன் முழுவதும் உடன்படுகிறேன். சிக்ஸ்த் ஃபார்மைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் அதுதான்.

11 முதல் 16 வயதுவரை நன்றாக நடக்கும் பாடசாலையின் சிக்ஸ்த் ஃபார்மும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைத் தனிப் பாடசாலையாகவே பாருங்கள். முதலில் அளவு. ஓர் அகாடமி புதிதாகச் சிக்ஸ்த் ஃபார்ம் தொடங்க அனுமதி கேட்டால், கல்வித் திணைக்களம் குறைந்தது 200 மாணவர்களையும் 15 ஏ-லெவல் பாடங்களையும் எதிர்பார்க்கிறது. அதைவிடச் சிறியவை எல்லாம் மோசமானவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பணம் மாணவர் தலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. ஒரு பாடத்துக்கு ஐந்து பேர் மட்டும் சேர்ந்தால், அந்த வகுப்பை நடத்தும் செலவைப் பாடசாலை வேறெங்கிருந்தோ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடத்தைக் கைவிட வேண்டும்.

நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில் இது நடந்தது. விளம்பரக் கையேட்டில் உயர்கணிதம், அதாவது ஃபர்தர் மத்ஸ், அச்சிடப்பட்டிருந்தது. செப்டெம்பரில் நான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். கால அட்டவணையில் எங்களுக்கு இடம் தரவில்லை. செவ்வாயும் வியாழனும் மூன்றரை மணிக்குப் பிறகு, கூட்டிப் பெருக்குபவர்கள் கதிரைகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு மூலையில் இருந்து கற்பித்தேன். அடுத்த ஆண்டு நான் வேலை மாறினேன், அதன்பின் அந்தப் பிள்ளைகளுக்கு நிரந்தர ஆசிரியர் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருத்தி கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்க ஆசைப்பட்டவள். அங்கே கணிதத்துக்கு உயர்கணிதம் இல்லாமல் முடியாது. அவளுடைய முகம் இன்றும் எனக்கு நினைவில் நிற்கிறது.

ஆகவே ‘என்னென்ன பாடங்கள் தருகிறீர்கள்’ என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘இந்த ஆண்டு உண்மையில் எந்தப் பாடங்கள் நடக்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், கற்பிப்பவர் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்’ என்று கேளுங்கள். பௌதிகமும் உயர்கணிதமும் ஒரு வெளிநாட்டு மொழியும் நடக்கின்றனவா என்று பார்த்தாலே பாடசாலையின் பலம் ஓரளவு தெரிந்துவிடும்.

புள்ளிகளைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. அரசின் ஒப்பீட்டுத் தளத்தில் ஒவ்வொரு ஏ-லெவல் தேர்வுக்கும் சராசரிப் புள்ளி இருக்கும். ஏ-ஸ்டார் தரத்துக்கு 60, ‘ஏ’ தரத்துக்கு 50, ‘பி’ தரத்துக்கு 40 என்று அது இறங்கும். சராசரி 40 என்றால் ஏறத்தாழ பி தரம். ஆனால் அந்தச் சராசரியோடு நின்றுவிட வேண்டாம். 12ஆம் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும் பாருங்கள். பலவீனமான பிள்ளைகளை இடையில் வெளியே அனுப்பினால் சராசரி தானாக உயர்ந்துவிடும். 2017இல் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் லண்டனின் புகழ்பெற்ற பாடசாலையொன்று, அதுவும் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது, 12ஆம் ஆண்டில் எதிர்பார்த்த தரம் பெறாத மாணவர்களை 13ஆம் ஆண்டுக்குள் விட மறுத்தது. பெற்றோர் நீதிமன்றம் சென்றபின் பாடசாலை தன் முடிவை மாற்றிக்கொண்டது. சேர்த்துக்கொண்ட பிள்ளையைப் பெறுபேறு போதாது என்று மட்டும் காட்டி வெளியேற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. நாள்தோறும் அன்பைப் போதிக்கும் ஒரு பாடசாலை, தடுமாறும் 17 வயதுப் பிள்ளையை எப்படி நடத்துகிறது என்பதைத்தான் அதன் கிறிஸ்தவத் தன்மைக்கு நான் உரைகல்லாகக் கொள்வேன்.

இன்னொன்று. 16 வயதில் வேறு இடத்துக்கு மாறுவது தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. 11 வயதுக்கான முடிவை எடுக்கும்போதே 18 வயதுவரை தீர்மானிக்கத் தேவையில்லை. ஐந்து ஆண்டுகள் அங்கே நன்றாகப் படித்துவிட்டு, பெரிய சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிக்குப் போய்ச் சிறந்து விளங்கிய பிள்ளைகள் ஏராளம்.

மறுமொழி 3: பழைய மாணவி

நானும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைதான்; கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் ஏழு ஆண்டுகள் படித்தேன். அன்ரிக்கு ஒரு விடயத்தை மட்டும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். கத்தோலிக்கப் பாடசாலையில் பாட நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மதபாடத்துக்குப் போகும், அதில் ஜி.சி.எஸ்.இ. தேர்வும் எல்லோரும் எழுத வேண்டும். சிக்ஸ்த் ஃபார்மிலும் மதபாட வகுப்பு உண்டு. திருச்சபைக்குத் திருச்சபை இது வேறுபடும் என்பதால் நேரில் கேளுங்கள்.

எனக்கு அது சுமையாக இருக்கவில்லை. விபூதிக் கீற்றோடு போன ஒரு நாள், சாம்பல் புதன் அன்று, எங்கள் மதபாட ஆசிரியை தன் நெற்றியிலிருந்த சாம்பலையும் என் நெற்றியையும் மாறி மாறிக் காட்டி, ‘இன்று நாம் இருவரும் ஒன்றையே நினைவில் வைத்திருக்கிறோம்’ என்றார். வகுப்பு முழுவதும் திருநீறு பற்றிக் கேள்வி கேட்டது. நான் பத்து நிமிடம் எழுந்து நின்று விளக்கினேன். ஆனால் என் தோழியொருத்திக்கு, திருப்பலியின்போது எல்லோரும் எழுந்து வரிசையில் போக, தான் மட்டும் வாங்கில் தனியே இருப்பது ஒவ்வொரு முறையும் கூச்சமாக இருந்தது. இரண்டும் ஒரே பாடசாலையில் நடந்தவை. உங்கள் மகளின் இயல்பு உங்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சேர்க்கைக் கொள்கையை நேற்றிரவே அச்சிட்டுப் படித்தேன். பொது இடங்கள் இருக்கின்றன. தூரம் பற்றி நாளை கேட்கப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது: பின்னாளில் மகள் வழிபாட்டில் பங்கேற்க விரும்பாவிட்டால் என்ன செய்வது? பாடசாலையைப் பெற்றோருக்குத் திறந்து காட்டும் ஓப்பன் ஈவினிங்குக்குப் போனால் போதுமா?

மறுமொழி 1 எழுதியவர்

வழிபாட்டிலிருந்தும் மதபாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை, தேவாலயப் பாடசாலையிலும் பெற்றோருக்கு உண்டு. சிக்ஸ்த் ஃபார்முக்கு வந்தபின் வழிபாட்டிலிருந்து விலகும் முடிவை மாணவியே எடுக்கலாம். ஆனால் விலக்கிவைக்கும் எண்ணத்தோடே ஒரு பிள்ளையை அங்கே சேர்ப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன். ஏழு ஆண்டுகள் அவள் ஒவ்வொரு ஒன்றுகூடலின்போதும் நூலகத்தில் தனியே இருக்க நேரும்.

ஓப்பன் ஈவினிங்குக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் அன்று பாடசாலை விருந்தாளிக்காக வீட்டைக் கூட்டிவைத்ததுபோல் இருக்கும். சாதாரண வேலைநாளில் ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். பல பாடசாலைகள் காலையில் அழைத்துச் சுற்றிக் காட்டுகின்றன. பாடம் மாறும் நேரத்தில் நடைபாதையில் நின்று பாருங்கள். சுற்றிக் காட்டும் மாணவியிடம், ஆசிரியர் வராத நாளில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பிற்பகல் மூன்றரை மணிக்குப் பேருந்துத் தரிப்பிடத்திலும் ஒரு கால்மணி நேரம் நின்று வாருங்கள். பிறகு என்ன கண்டீர்கள் என்று இங்கே எழுதுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.