துளைக்குத்து, ஓரவெட்டு: தகட்டு வேலை மதிப்பீட்டுக்கான சொற்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் தகட்டு வேலைச் சொற்பட்டியலில், தகட்டில் துளை வெட்டும் பியர்சிங்குக்குத் ‘துளையிடல்’ என்றும் ஓரத்து மிகுதியை வெட்டி நீக்கும் டிரிம்மிங்குக்கு ‘வெட்டல்’ என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

‘துளையிடல்’ டிரில்லிங்குக்கு எப்போதோ நிலைத்துவிட்டது. டிரில் சுருள் சுருளாகச் சீவி எடுக்கும். துளைக்குத் துளை நேரம் ஏறும். பிரஸ் எந்திரத்தில் துளை ஒன்றானாலும் ஆறானாலும் ஒரே அடிதான்; செலவெல்லாம் பஞ்சிலும் (மேலிருந்து இறங்கி வெட்டும் முனை) டையிலும் (கீழே அதை ஏற்கும் துளையுள்ள அச்சு) இருக்கிறது. விலை கேட்டு வரும் தாளில் ‘6 துளையிடல்’ என்று கண்டால் படிப்பவர் எந்தக் கணக்கைப் போடுவார்?

‘வெட்டல்’ அதைவிடச் சிக்கல். தகட்டிலிருந்து உருவை வெட்டி எடுக்கும் பிளாங்கிங்கும் வெட்டல்தான், பியர்சிங்கும் வெட்டல்தான். முன்னதில் கீழே விழுவது நமக்கு வேண்டிய பொருள், பின்னதில் அது கழிவு. 10 மி.மீ. துளை வேண்டுமென்றால் பஞ்சை 10 மி.மீ. வைத்து, இரண்டுக்கும் நடுவே வேண்டிய இடைவெளியை டையில் கொடுக்கிறோம். 10 மி.மீ. வட்டு வேண்டுமென்றால் டை 10 மி.மீ.; பஞ்சைக் குறைக்கிறோம். 1 மி.மீ. மென் எஃகுத் தகட்டில் இந்த இடைவெளி பக்கத்துக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. வெட்டு விளிம்பில் எழும் பிசிறும் இடம் மாறுகிறது: துளையில் டை பக்கம், வட்டில் பஞ்ச் பக்கம். சொல் குழம்பினால் வரைபடத்தில் பிசிறுப் பக்கம் குழம்பும். அதைத் தேய்த்து எடுக்க இன்னொரு ஆள்கூலி சேரும்.

ஆகவே என் முன்மொழிவு: பியர்சிங் ‘துளைக்குத்து’, பிளாங்கிங் ‘உருவெட்டு’, டிரிம்மிங் ‘ஓரவெட்டு’. டிரிம்மிங்குக்காகச் சுற்றிலும் கூடுதலாக விடும் தகடு ‘மிகையோரம்’. துளையிலிருந்து விழும் துண்டு ‘பொட்டு’.

தகட்டால் ஆன ஓர் உறையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மி.மீ. தகடு, ஓரவெட்டின் சுற்றளவு 900 மி.மீ., 10 மி.மீ. துளை ஆறு. வெட்டுவிசை என்பது வெட்டுநீளம், தடிப்பு, கத்தரிப்பு வலிமை மூன்றின் பெருக்கம். வலிமையைச் சதுர மி.மீ.க்கு 300 நியூட்டன் என்று கொண்டால் ஓரவெட்டுக்கு 270 கிலோநியூட்டன், ஆறு துளைக்கும் சேர்த்து 57 கிலோநியூட்டன்கூட இல்லை. இரண்டையும் ஒரே டையில் அடித்து, தகட்டைப் பஞ்சிலிருந்து கழற்ற 10 விழுக்காடும் அதற்கு மேல் பாதுகாப்புக்கு 30 விழுக்காடும் சேர்த்தால் ஏறத்தாழ 467 கிலோநியூட்டன், அதாவது 48 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 50 டன் பிரஸ்ஸில் அடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் முனை மழுங்க மழுங்க விசை ஏறும், அதனால் 63 டன் பிரஸ்ஸுக்கு மணிவாடகை போடுவதே சரி. துளைப் பஞ்சுகளை ஒரு தகட்டுத் தடிப்பளவு குட்டையாக வைத்தால் இரண்டு வெட்டும் ஒரே கணத்தில் விழாது, உச்சவிசை குறையும்.

இனிக் கழிவு. மிகையோரம் சராசரி 8 மி.மீ. என்றால் ஓர் உறைக்கு 56.5 கிராம்; 12 மி.மீ. என்றால் 84.8 கிராம். 1 லட்சம் உறைக்கு வித்தியாசம் 2.8 டன் எஃகு! ஆறு பொட்டும் சேர்ந்து 3.7 கிராம்தான். ஓரவெட்டின் செலவு நீளத்திலும் எடையிலும் ஏறுகிறது. துளைக்குத்தின் செலவு துளைகளின் எண்ணிக்கையிலும் குத்தும் கோணத்திலும் ஏறுகிறது. ஒரே சொல்லின் கீழ் இரண்டையும் வைத்தால் இந்த வேறுபாடே மறைந்துவிடும்.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

‘ஓரவெட்டு’, ‘மிகையோரம்’ இரண்டையும் ஏற்கிறேன். ‘குத்து’ பற்றி ஒரு தயக்கம். காது குத்தும்போது சதை விலகுகிறதே தவிரப் பொட்டாக எதுவும் விழுவதில்லை. தகட்டிலும் அப்படி ஒரு வேலை உண்டு: கூர்முனைப் பஞ்சால் குத்தித் துளையைச் சுற்றிக் கழுத்து எழுப்பி, அதில் திருகு மரை போடுவார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது?

துண்டுக்கு முதலில் ‘வில்லை’ என்று எழுத நினைத்தேன். பள்ளிப் பாடத்தில் லென்ஸுக்கு அதுதான் பெயர் என்பதால் விட்டேன். பொட்டே நல்லது. சதுரத் துளையானாலும் நீள்துளையானாலும் பொருந்தும். நெற்றிப் பொட்டும் எல்லா வடிவிலும் இருக்கிறதே.

—

அன்புள்ள ஐயா,

நல்ல கேள்வி. பொட்டு விழாத வேலையைக் ‘கழுத்துக்குத்து’ என்று பிரித்துவிடலாம். துளைக்குத்தில் பொட்டு கட்டாயம் விழும் என்று வரையறையிலேயே எழுதிவிடுவோம்.

பொட்டு என்ற சொல் கிடைத்தால் பழுதுகளுக்கும் பெயர் கிடைக்கும். எண்ணெய்ப் படலத்தில் ஒட்டியோ, இடைவெளி கூடிப்போனதாலோ பஞ்சோடு துண்டு மேலேறி வந்து அடுத்த தகட்டில் பள்ளம் போடுகிறதல்லவா, அது ‘பொட்டேற்றம்’. பஞ்ச் முனையில் சிறு சுருள்வில் ஊசி வைப்பது அதற்கு மருந்து. டைக்குக் கீழே வழி நேராக இல்லாமல் துண்டுகள் சேர்ந்து இறுகினால் ‘பொட்டடைப்பு’. பஞ்ச் ஒடியும், சில சமயம் டையே பிளக்கும். ஒடிந்த பஞ்ச், நின்ற பிரஸ், கழித்த தகடு எல்லாம் மதிப்பீட்டில் ஏற வேண்டியவை. துளை விட்டம் தகட்டுத் தடிப்பைவிடக் குறைந்தால், வழிகாட்டிப் புஷ் (பஞ்சைச் சுற்றிப் பிடிக்கும் குழல்) இல்லாத பஞ்சுக்கு விலை எழுதவே கூடாது.

கோணத்துக்கும் ஒரு சொல் வேண்டும். துளை சரிந்த பரப்பில் வந்தால் பஞ்ச் வழுக்கும். கேம் (பிரஸ்ஸின் கீழ்நோக்கிய அசைவைப் பக்கவாட்டாகத் திருப்பும் சரிவுக்கட்டை) வைத்துப் பக்கவாட்டில் குத்த வேண்டும், டையின் விலை அங்கேதான் ஏறும். ‘பக்கக்குத்து’ என்று வைத்திருக்கிறேன். பின்னால் வளைக்கப்போகும் இடத்துக்கு அருகில் முன்கூட்டியே குத்தினால் துளை முட்டை வடிவாகிவிடும். அதனால் வளைத்த பிறகு குத்துவதைப் ‘பின்குத்து’ என்று தனி வரியாகக் காட்ட வேண்டும்.

மிகையோரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி வெளியே தள்ளும் கத்திக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கழிவுக்கத்தி’ என்று எழுதினால் கத்தியே கழிவானதுபோல் படுகிறது. ‘துண்டுக்கத்தி’ சரியாக வருமா?