இரண்டாவது அழைப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் கூலி வேலை செய்து என்னை வளர்த்த அம்மா, தம் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட என்னை என் பெயர் சொல்லி அழைத்ததில்லை. என் அக்கா ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போது எனக்கு ஆறு வயது. நினைவு தப்பிய பிறகு அம்மா அவள் பெயரால்தான் என்னை அழைத்தார். உண்மையைச் சொன்னால், நினைவு நன்றாக இருந்த நாளிலும் அந்தப் பெயர்தான் அவர் வாயில் முதலில் வரும், பிறகு திருத்திக்கொள்வார்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் கணக்கு எழுதுவதால் அவரையும் அங்கேயே அழைத்துச் சென்றேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்து ஏறி முடிப்பதற்குள், "சின்னவள எங்கடி விட்டுட்டு வந்தே?" என்று நாலைந்து முறை கேட்டுவிட்டார். சின்னவள் நான்தான்.

தை மாதம், பழம் பறிப்பு முடியும் தறுவாயில், அம்மா இறந்துபோனார். பங்குனியில், காப்பியைப் பூக்கவைக்கும் பூமழை பெய்து, எட்டாம் நாள் காப்பிச் செடிகளெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகைபோல் மணத்த இரவில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பாலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லி அழைப்பதைக் கேட்டேன். (ஏற்காட்டில் பேய் என்றாலே துரைமார் பங்களாவையும் குதிரைக் குளம்பொலியையும் சொல்வார்கள், எனக்கு வந்ததில் அப்படி எந்த ஆடம்பரமும் இல்லை.) குரல் அம்மாவுடையதுதான். ஆனால் பெயரின் கடைசி எழுத்தை அவ்வளவு ஆசையாக நீட்டி அம்மா என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. அதனாலேயே அது அம்மா இல்லை என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறை கூப்பிடும்வரை பதில் சொல்லக் கூடாது, கெட்டது எதுவும் மூன்றாம் முறை கூப்பிடாது என்று சிறு வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அம்மாதான். அது இரண்டு முறைதான் அழைத்தது. மறுநாளும் இரண்டு முறைதான். அந்த இரண்டு இரவுகளும் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். பூக்கள் மூன்று நான்கு நாளில் வாடிவிடும், அதோடு இந்தக் குரலும் போய்விடுமோ என்ற தவிப்புதான் இருந்தது.

மூன்றாம் இரவு, இரண்டாவது அழைப்புக்கே கதவைத் திறந்து, "ஏம்மா?" என்றேன்.

சிறிது நேரம் இருட்டில் சத்தமே இல்லை. பிறகு வாசற்படிக்கு வெகு அருகில், நான் நன்கு அறிந்த அந்தச் சலித்த குரல், "சின்னவள எங்கடி விட்டுட்டு வந்தே?" என்று கேட்டது.

அது அம்மாவேதான் என்பது தெரிந்த பிறகுதான் எனக்குக் கை கால் நடுங்கத் தொடங்கியது. கதவை எப்போது சாத்தினேன் என்பது நினைவில்லை.

வேலையை மாற்றிக்கொண்டு கீழே வந்துவிடும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். இந்த ஆண்டுப் பூமழை நேற்றுத்தான் பெய்தது. பூப்பதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.