கம்போடியாவில் சிறுவர் விளையாட்டு முகாம்: ஜூன் மாத ஊழியப் பயணம் குறித்து ஆலோசனை தேவை

சிராங்கூன் இளைஞர் பொறுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் இளைஞர் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில், கம்போடியாவின் கம்போங் சாம் மாகாணத்தில் இருக்கும் கெமர் மொழி பேசும் ஒரு சிறிய சபையின் அழைப்பை ஏற்று, எங்களில் 16 பேர் அங்கே சென்று 5 நாள் சிறுவர் விளையாட்டு முகாம் நடத்துவதாக முடிவாகியிருக்கிறது. 8 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் ஏறத்தாழ 90 பேர் வருவார்கள் என்று அங்குள்ள போதகர் சொல்கிறார். கால்பந்தும் கைப்பந்தும் சொல்லிக்கொடுத்து, இடையில் பாட்டும் வேதாகமக் கதையும் வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். எங்கள் குழுவில் 9 பேர் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் உள்ளவர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திப் பழகியவர்கள்தான் என்றாலும், வெளிநாட்டில் எவருக்கும் அனுபவம் இல்லை.

இரண்டு விஷயங்களில் எனக்குத் தெளிவு வேண்டும். வரும் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காலணி வாங்கிக் கொடுக்கலாம் என்று சபையில் ஒருவர் காணிக்கை தர முன்வந்திருக்கிறார், கொடுக்கலாமா? இரண்டாவது கேள்வி சற்றுச் சங்கடமானது. விமானக் கட்டணம், தங்குமிடம், வேன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 900 சிங்கப்பூர் வெள்ளி வருகிறது. ஆக மொத்தம் 14,400 வெள்ளி. "இந்தப் பணத்தை அப்படியே அந்தச் சபைக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் வீட்டிலிருந்து ஜெபித்தால் போதாதா?" என்று மூப்பர் ஒருவர் கூட்டத்தில் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போய் வந்தவர்கள் மனம்விட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

பழைய விசில்காரர் எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். வேறொரு சபையிலிருந்து, வேறொரு மாகாணத்துக்கு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இதே வேலைக்காகப் போய் வந்தவன் நான். காலணி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் பட்டவர்கள் நாங்கள். முதல் ஆண்டு உத்தேசமாக அளவு வைத்து 60 சோடி கொண்டுபோனோம். வந்த பிள்ளைகள் அதைவிட அதிகம். பாதிக் காலணிகள் பெரியவை. கிடைக்காத பையன் ஒருவன் மறுநாள் வரவே இல்லை. கிடைத்தவர்களில் பலரும், புதுக் காலணி சேற்றில் அழுக்காகிவிடும் என்று அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே ஆடினார்கள். அடுத்த ஆண்டு போனபோது அந்தக் காலணிகள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் வெளியே வருவதைக் கண்டோம். அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். ஆபத்து உங்கள் இளைஞர்களின் கால்களில்தான் இருக்கிறது: குமிழ் வைத்த கால்பந்துக் காலணியோடு உங்கள் ஆள் ஒருவர் இறங்கி, ஒரு பிள்ளையின் விரலை மிதித்தால் அன்றோடு முகாம் முடிந்தது. உங்கள் குழுவினரும் சாதாரணத் தட்டையடிக் காலணியோடு ஆடட்டும்.

காணிக்கை தருகிறவரிடம் பந்து வாங்கித் தரச் சொல்லுங்கள். 12 வயது வரைக்கும் 4-ஆம் எண் பந்து, அதற்கு மேல் 5-ஆம் எண். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து இருந்தால் வரிசையில் நின்று சலிக்க மாட்டார்கள். காற்றடிக்கும் ஊசியை மறக்காதீர்கள். நாங்கள் 30 பந்துகளைக் காற்றில்லாமல் மடித்துக் கொண்டுபோய், கையிலிருந்த ஒரே ஊசியை முதல் நாளே முறித்துவிட்டு, அந்த ஊர் சைக்கிள் கடைகளில் அலைந்த கதை எங்கள் சபையில் இன்றும் சிரிப்புக்குரியது.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு முகாமில், மைதானத்து ஓரம் மாமரத்தடியில், கழுத்தில் விசில் மாட்டிய ஒருவர் மூன்று நாளும் நின்றுகொண்டே இருந்தார். வேடிக்கை பார்க்க வந்த அப்பா யாரோ என்று நினைத்தோம். நான்காம் நாள் காலை மழையில் எங்கள் வேன் சேற்றில் மாட்டி, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய் இறங்கினால், பிள்ளைகள் நான்கு குழுவாகப் பிரிந்து ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கிறார்கள், நடுவே அவர். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியராம். சனிக்கிழமைதோறும் அதே பிள்ளைகளுக்குக் கைப்பந்து சொல்லிக்கொடுப்பவராம். பிள்ளைகள் அவரைக் 'க்ரூ' என்று அழைத்தார்கள். நம் 'குரு'தான் அது. மூன்று நாள் நாங்கள் அவருடைய மைதானத்தில், அவருடைய பிள்ளைகளை, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு மேய்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. மூன்றாம் ஆண்டு நாங்கள் 6 பேர் மட்டுமே போனோம். முகாமை நடத்தியது அவர். பந்து பொறுக்கியதும் தண்ணீர் கொடுத்ததும், அவர் கேட்ட இரண்டொரு பயிற்சி முறைகளைக் காட்டியதும் நாங்கள்.

எனவே, அங்கே ஏற்கெனவே யார் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதைப் போதகரிடம் முதலில் கேளுங்கள். 16 பேர் வேண்டுமா என்பதையும் அதற்குப் பிறகு யோசியுங்கள்.

புனோம்பென்வாசி எழுதியது:

ஆடைத் தொழிற்சாலை வேலைக்காகப் பல ஆண்டுகளாகப் புனோம்பென்னில் குடும்பத்தோடு இருக்கும் தமிழன் நான். உங்களைப் போன்ற குழுக்களுக்கு வேன் பிடித்துக் கொடுத்த பழக்கமும் உண்டு. சில நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஜூன் உங்களுக்குத்தான் விடுமுறை. இங்கே அது பள்ளி நடக்கும் மாதம். இங்குள்ள பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகள் காலை ஒரு வேளை, பிற்பகல் ஒரு வேளை என்று பிரித்து நடப்பவை. ஆகவே 90 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள். காலையில் பாதி, பிற்பகலில் பாதி என்று திட்டமிட்டால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு வரும் நிலை ஏற்படாது. ஆசிரியர்களும் உங்கள்மேல் வருத்தப்பட மாட்டார்கள். மழைக்காலம் என்பதால் பிற்பகலில் பொழுது போகப்போக மழை பிடித்துக்கொள்ளும். கூரையுள்ள இடம் ஒன்றையும் பார்த்து வையுங்கள்.

வேதாகமக் கதை விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 1993-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி பௌத்தம் இந்த நாட்டின் அரசு மதம். பிற மதத்தவர் தங்கள் வழிபாட்டை நடத்தத் தடையில்லை. ஆனால் பொது இடத்தில் மதப் பிரசாரம் செய்வதும், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறத் தூண்டுவதும் தடை செய்யப்பட்டவை. மத நூல்களை வழிபாட்டு இடத்துக்குள் மட்டுமே விநியோகிக்கலாம். பள்ளி மைதானத்தில் வசனம் மனப்பாடம் சொன்ன பிள்ளைக்குக் காலணி என்று ஏதாவது செய்துவைத்தால், நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். ஊராட்சித் தலைவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கெமர் போதகர். பொருளுக்காக மதம் மாறியவர்கள் என்ற பொருளில் 'பால்பவுடர் கிறிஸ்தவர்' என்ற ஏச்சு நம் ஊரில் எத்தனை தலைமுறை நம்மைத் துரத்தியது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தில் விளையாட்டு, கதையும் பாட்டும் சபை வளாகத்துக்குள், பெற்றோர் சம்மதித்து அனுப்பும் பிள்ளைகளுக்கு மட்டும், அதையும் அந்தப் போதகரே செய்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வேன்காரரோ வேறு யாரோ "அப்படியே ஓர் அநாதை இல்லத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள். 2015-இல் எடுத்த கணக்கில் இந்நாட்டில் 406 அநாதை இல்லங்களும் அவற்றில் 16,500-க்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வந்து பார்க்கும் வெளிநாட்டவரின் பணத்தை நம்பியே பல இல்லங்கள் முளைத்தன என்பது இங்கே எல்லோரும் அறிந்தது.

பிள்ளைகளின் தலையைத் தடவிப் பாராட்டும் நம் வழக்கத்தையும் சற்று அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தலையை இங்கே புனிதமாகக் கருதுவார்கள். தெருநாய் கடித்தால் அசட்டையாக இருக்க வேண்டாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். புனோம்பென்னில் இதற்குப் பாஸ்டர் (Pasteur) மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

பணக் கணக்குக் கேட்டீர்கள். 2025-இல் இங்கே ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 208 அமெரிக்க டாலர். உங்கள் 14,400 வெள்ளி அப்படி ஒருவருக்கு நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட சம்பளம். வர வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் மூப்பர் கேட்ட கேள்வி தவறானதல்ல என்பதற்காக எழுதுகிறேன்.

நந்தனம் மாணவர் எழுதியது:

மேலே இருவரும் எழுதியதற்குப் பிறகு அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உடற்கல்வி ஆசிரியனாக ஒரு செய்தியை நினைவூட்டத் தோன்றுகிறது. விளையாட்டையும் ஊழியத்தையும் இணைப்பது நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவிலிருந்து ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் அனுப்பிச் சென்னைக்கு வந்த ஹாரி க்ரோ பக், ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளோடு பந்தாடிவிட்டுத் திரும்பிவிடவில்லை. 1920-இல் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கி, 1943-இல் இறக்கும்வரை அதை வளர்த்தார். நந்தனத்தில் இன்றும் நடக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். நம் பள்ளிகளில் 'பி.டி. மாஸ்டர்' என்ற மனிதர் உருவானதில் அந்த வளாகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்து நாளில் உங்களால் கல்லூரி கட்ட முடியாது என்பது தெரியும். ஆனால் ஐந்தில் ஒரு நாளை, அங்குள்ள பெரிய பிள்ளைகளிலும் ஆசிரியர்களிலும் பத்துப் பேருக்கான பயிற்சியாக மாற்ற முடியும். சூடேற்றும் பயிற்சி எப்படி, வெயிலில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுப்பது, கணுக்கால் பிசகினால் என்ன செய்வது, பந்து தொடவே பயப்படும் பெண் பிள்ளையை எப்படி ஆட்டத்துக்குள் கொண்டுவருவது என்று அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்களிடமிருந்து நீங்கள் கற்கவும் ஒன்று உண்டு: இறகுப் பந்து போன்ற ஒன்றைக் காலாலேயே தட்டித் தட்டி வட்டமாக நின்று ஆடுவார்கள், 'சேய்' என்று பெயர். உங்கள் இளைஞர்கள் அதில் தோற்றுப்போகும் முதல் அரை மணி நேரமே முகாமுக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.

இன்னொன்று: 17 வயதினரும் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். பெரியவர் யாரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கக் கூடாது, பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது என்ற இரண்டையும் எழுத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டாவதுக்குத்தான் எதிர்ப்பு வரும், பாருங்கள்.

சிராங்கூன் இளைஞர் பொறுப்பாளர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய விசில்காரர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவே கெமர் போதகருக்குச் செய்தி அனுப்பினேன். அவருடைய சபையைச் சேர்ந்த ஒரு பெண், கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதியில் ஊருக்கு வந்து, 25 சிறுமிகளுக்குக் கைப்பந்து சொல்லிக்கொடுக்கிறாராம். "இதை ஏன் ஐயா முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே, நீங்கள் பெரிய திட்டத்தோடு வருகிறீர்கள் என்று நினைத்தோம்" என்றார். அந்தப் பெண்ணோடு இந்த வாரம் காணொளியில் பேசப் போகிறோம். கால அட்டவணையை அவர் எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

16 பேர் என்பதை 8 ஆக்கலாமா என்று குழுவில் கேட்டேன். இரண்டு வீட்டுப் பெற்றோருக்கு வருத்தம், ஏற்கெனவே விடுப்பு எடுத்தவருக்குக் கோபம். இன்னும் முடிவாகவில்லை. மூப்பரிடம் போய், மிச்சமாகும் பணத்தில் அந்தப் பெண்ணுக்கு ஓராண்டுக்குப் பேருந்துச் செலவும் ஒரு வலையும் பந்துகளும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "மிச்சமானால் பார்ப்போம்" என்றார். காலணிக்குக் காணிக்கை தர வந்தவர் பந்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். ஊசி மட்டும் என் செலவில் பத்து வாங்கி வைத்துவிட்டேன்.