அப்பா இடுப்பில் இருந்த பொருக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். உண்ணிக் காய்ச்சல் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அப்பா லயத்துக்குப் பின்னால் லாலாங் புல் வெட்டினார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். தலை பிளக்கிறது என்றார், கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கிளினிக்கில் டெங்கிக்கு ரத்தம் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் உடம்பு துடைத்துவிடும்போதுதான் அம்மா பார்த்தார். கைலி முடிச்சுக்குக் கீழே உளுந்து அளவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருந்தது. வலியில்லை, அரிப்பில்லை, அதனால் அப்பாவுக்கே தெரியவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அந்த இடத்தைப் பார்த்ததும், "பாக்சிக், கெர்ஜா கெபுன் கா?" (மாமா, தோட்ட வேலையா?) என்று மலாயில் கேட்டார். அந்த ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

அப்புறம் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. டைஃபஸ் வகைக் காய்ச்சல்கள் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்கள். தோட்டத்தில் எந்தப் பிளாக் (பகுதி), எந்தத் தேதி, தரையில் உட்கார்ந்தாரா, எலி உண்டா, லயத்தில் வேறு யாருக்காவது காய்ச்சலா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கொங்சியில் (தொழிலாளர் குடிசையில்) ஒரு இந்தோனேசியத் தொழிலாளி ஒரு வாரமாகப் படுத்த படுக்கை. வேலை பெர்மிட் பயத்தில் கிளினிக் பக்கமே போகவில்லை. திரும்பப் போன் பண்ணிச் சொன்னேன். இன்றைக்குத் தோட்டத்தில் புல்லுக்குள் அதிகம் இறங்குவது அவர்கள்தான். அவர்களுடைய காய்ச்சல் பதிவாகவில்லை என்றால் எங்கள் தோட்டத்தில் இந்த நோயே இல்லை என்றுதான் கணக்கு சொல்லும்.

*

தம்பி, நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது நாய் உண்ணி இல்லை. புல்லிலும் எலிமேலும் ஒட்டியிருக்கும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சு, கண்ணுக்கே தெரியாது. மருந்து இல்லாத காலத்தில் இதில் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். 1948-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் அமெரிக்க டாக்டர் ஸ்மேடலின் குழுவினர் குளோராம்பெனிகால் என்ற மருந்தைக் கொடுத்து இது குணமாகும் என்று காட்டினார்கள். நாங்கள் ரெஜிஸ்டரில் 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எழுதும்போது பக்கத்திலேயே பிளாக் நம்பரையும் போடுவோம். ஒரே நம்பர் மூன்று தடவை வந்தால் மண்டோரை (வேலை மேற்பார்வையாளரை) கூப்பிட்டு அங்கே புல்லை அடிக்கச் சொல்வேன். காய்ச்சல்காரர் வந்தால் சட்டையைக் கழற்றி அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்ப்பேன். இப்போது அதற்கு யாருக்கும் நேரமில்லை, அதுதான் எனக்குக் கவலை.

*

அண்ணே சொன்னது சரி. நிஜ உண்ணி பற்றி நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று நாய். போன வருடம் மகள் காதுக்குப் பின்னால் ஒன்று ஒட்டியிருந்தது. மாமியார் மண்ணெண்ணெய் எடுத்து வந்துவிட்டார், நான் தடுத்தேன். எண்ணெய், நெருப்பு எதுவும் கூடாது. முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எடுத்ததைச் சின்னப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஒட்டினேன். காய்ச்சல் வரவில்லை. வந்திருந்தால் புட்டியோடுதான் டாக்டரிடம் போயிருப்பேன்.