பேஸ்பால் கார்டு: பெட்டியைப் பிரிப்பதா, வேண்டியதை மட்டும் வாங்குவதா?

கேள்வி: பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படக் கார்டுகளை வெளியிடும் டாப்ஸ் நிறுவனத்தின் புதிய வெளியீடுகள் வரும்போதெல்லாம் ஹாபி பாக்ஸ் (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத, சேகரிப்பாளர்களுக்கான மூடிய பெட்டி) வாங்கிப் பிரித்துவருகிறேன். கையொப்பமிட்ட கார்டு உறுதி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், கிடைப்பது பெரும்பாலும் அதிகம் அறியப்படாத ஆட்டக்காரருடையதாகவே இருக்கிறது. விரும்பும் அறிமுக ஆட்டக்காரர்களின் கார்டுகளைத் தனித்தனியாக வாங்குவது மேலா?

முதல் பதில்: பணக்கணக்கு மட்டும் பார்த்தால் தனியாக வாங்குவதே மேல். வெளியான வாரத்தில் எல்லோரும் தேடுவதால் ஏறி நிற்கும் விலை, பெட்டிகள் பிரிக்கப்பட்டுக் கார்டுகள் சந்தைக்கு வரவர இறங்கிவிடும். எனவே சில வாரம் பொறுங்கள். ஆட்டக்காரர் ஒருவரின் அறிமுகக் காலக் கார்டு என்பதாலேயே அரியது என்றும் எண்ண வேண்டாம். அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 தொகுப்பில் முதல் எண் கார்டான, பேஸ்பால் நட்சத்திரம் கென் கிரிஃபி ஜூனியருடையது புகழின் உச்சியில் இருந்தும், ஏராளமாக அச்சிடப்பட்டதால், கார்டின் நிலையை ஆய்ந்து தரும் தரச்சான்று பெறாத பிரதிகள் இன்றும் எட்டும் விலையிலேயே கிடைக்கின்றன.

இரண்டாம் பதில்: கணக்கு சரிதான், ஆனால் பெட்டி பிரிப்பவர் வாங்குவது அந்தப் பரபரப்பையும் சேர்த்துத்தானே! பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் தம் முதல் ஆட்டத்தில் அணிந்த சீருடையின் பேட்ச் (துணிச் சின்னம்) பதித்த ஒரே கார்டு, 2024 டாப்ஸ் குரோம் அப்டேட் என்ற வெளியீட்டில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கிடைத்தது. ஸ்கீன்ஸின் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அதற்கு ஈடாக 30 ஆண்டு சீசன் டிக்கெட் தர முன்வந்தும், சிறுவனின் குடும்பத்தார் கொடுக்காமல், 2025 மார்ச்சில் ஏலத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் விற்றார்கள். இதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாம் பதில்: எதை வாங்கினாலும் குரோம் கார்டின் பளபளப்பான முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, முதலில் மெல்லிய உறையிலும் பிறகு டாப்லோடர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் உறையிலும் இடுங்கள்.